கெட்டிமேளத்தில் ஓர் அன்னிய சுரம்

கல்யாணம் முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, பொண்ணும் மாப்பிள்ளையும் கார் ஏறி, நாயனக்காரர் குழலைத் துணி உறையில போட்டுக் கட்டிக்கிட்டு, தவில்காரர் டவுன் பஸ்ஸுல தவிலை மடியில வச்சுக்கிட்டு ஊர் போய்ச் சேர்ந்த பிறகும், கெட்டிமேளம் மட்டும் எங்க மண்டபத்தை விட்டுப் போகல. மணமேடைக்கு மேல, ஆள் கை தூக்கினா எட்டுற உசரத்துல, அது பாட்டுக்கு நின்னு கொட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் மங்கையர்க்கரசி, அலங்காரவல்லி கல்யாண மண்டபத்துச் சாவியைப் பதினாலு வருஷமா இடுப்புல சொருகிக்கிட்டு அலையுறவ, தொடப்பமும் கையுமா மேடை ஏறினவ அண்ணாந்து பார்த்தேன். ஒண்ணும் தெரியல, சத்தம் மட்டும்தான். ஒரு சொம்புத் தண்ணி குடிக்கிற நேரம் கொட்டும், மூச்சு வாங்குற நேரம் நிக்கும், மறுபடி கொட்டும். மாலைப் பூவெல்லாம் வாடிக் கிடக்குது, இது மட்டும் வாடல. சரி, கூட்ட வேண்டியதைக் கூட்டுவோம்னு கூட்டினேன்.

மறுநாளும் காலை ஒன்பது மணிக்கு, முகூர்த்த நேரம் தப்பாம, ஆரம்பிச்சிருச்சு. பந்தி முடியுற ரெண்டு மணிக்கு ஓய்ஞ்சுது. மைக்செட்காரன் வந்து எங்கயோ ஸ்பீக்கர் மாட்டிக்கிட்டு இருக்குன்னு பரண் வரைக்கும் ஏறிப் பார்த்துட்டு, ஒட்டடையோட இறங்கிப் போனான். போலீஸ் ஸ்டேஷன்லேருந்து ஒருத்தர் வந்தார், நோட்டுல ‘சத்தம்’னு எழுதினார், யார் மேல எழுதுறதுன்னு தெரியாம அதைக் கோடு போட்டு அடிச்சார். குருக்கள் வந்து, மங்கல ஓசைதானே, இருந்துட்டுப் போகட்டும்னார். முதல் நாள் பயம், ரெண்டாம் நாள் வேடிக்கை, மூணாம் நாள் பழக்கம், எங்க ஊரு லட்சணம் அவ்வளவுதான். நாலாம் நாள் டீக்கடையில ‘கெட்டிமேளம் அடிச்சிருச்சா’ன்னு கேட்டுத்தான் பால் ஊத்துனாங்க. வரன் தட்டிப் போற பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து, அந்தச் சத்தத்துக்குக் கீழ மூணு தடவை நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அடுத்த முகூர்த்தத்துக்கு வந்தவங்க, தாலி கட்டுற நேரத்தை அது கொட்டுற நேரத்தோட சேர்த்து வச்சுக்கிட்டாங்க, ஐயர் அண்ணாந்து பார்த்துக்கிட்டே விரலை ஆட்டுவார், மாப்பிள்ளையும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே முடிச்சுப் போடுவார், ஒருத்தர் பொண்ணோட காதோரத்து முடியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டார். பக்கத்துத் தெரு கைக்குழந்தைங்க அதைக் கேட்டாத்தான் தூங்குச்சுங்க. இவ்வளவும் நடந்துச்சு, ஆனா ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, இது ஏன் போக மாட்டேங்குதுன்னு கேட்டாங்களாங்கிறீங்க? மூச்சு விடல.

கேட்டது அமிர்தகடேசன் ஐயா. அவர் கேட்டதும் வேற கேள்வி, இது என்ன ராகம்னு.

ஐயா ரிட்டயர்டு தாசில்தார், எங்க ஊர் இசைச் சபாவுக்கு இருபது வருஷமா செயலாளர். அவர் மகள் கல்யாணத்துக் கெட்டிமேளம்தான் அது. ஒரே மகள், அபயாம்பிகை, நாங்கள்லாம் பாப்பான்னுதான் கூப்பிடுவோம். தஞ்சாவூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சரா இருந்தா, கல்யாணத்துக்காக அதை விட்டுட்டா, விட வச்சாங்கன்னு சொல்லணும். கல்யாணத்துக்குச் சாப்பாட்டு மெனுவை ஐயா எட்டிக்கூடப் பார்க்கல, பொண்ணு அழைப்புக்கு இன்ன ராகம், ஊஞ்சலுக்கு இன்ன ராகம், மாலை மாத்த இன்ன ராகம்னு நாயனக்காரருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். கெட்டிமேளத்துக்கு ஆனந்தபைரவின்னு சிவப்பு மையில அடிக்கோடு. யாராச்சும் கெட்டிமேளத்துல ராகம் கேப்பாங்களா? இவர் கேப்பார்.

அஞ்சாம் நாள் ஐயா வந்து மேடைக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்தார். கண்ணை மூடினார். தொடையில தாளம். மூணு சுத்து கேட்டார், நாலாவது சுத்துல படக்குனு கண்ணைத் திறந்து, கையை உசத்தி, “அந்தர காந்தாரம்!”னார். எனக்கு யாரோ பாம்பைப் பார்த்துட்டாங்கன்னு தோணுச்சு. அவர் கண்ணுல தண்ணி. “அரசி, கேட்டியா? ஆனந்தபைரவியில அந்தர காந்தாரம்! அன்னிய சுரம்! பழைய ஆளுங்க எப்பவோ ஒரு தடவை, கறிவேப்பிலை கிள்ளிப் போடுற மாதிரி போடுவாங்க. இந்தக் காலத்துல யார் வாசிக்கிறா? என் பொண்ணு கல்யாணத்துல விழுந்திருக்கு பாரு!” அன்னிய சுரம்னா என்னன்னு கேட்டேன். அந்த ராகத்துக்குச் சொந்தமில்லாத சுரமாம், வெளியிலேருந்து வந்து ஒரு நொடி தலைகாட்டிட்டுப் போறதாம். அதான் அழகாம்.

அப்புறம் பிடிச்சது சனி. சபா ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க, சுருதிப் பெட்டியோட, நோட்டோட, டேப்போட, வெத்தலைச் செல்லத்தோட. பாட்டு டீச்சர் தர்மசம்வர்த்தனி வந்தாங்க, கேட்டாங்க, உதட்டைப் பிதுக்கினாங்க. “காந்தாரமும் இல்ல கத்தரிக்காயும் இல்ல, மத்யமத்துலேருந்து வழுக்கி வர்ற கமகம், உங்களுக்கு வயசாயிடுச்சு, காது போயிடுச்சு”ன்னாங்க. ஐயாவுக்கு மூக்கு சிவந்துச்சு. அன்னியிலேருந்து மண்டபம் ரெண்டு கட்சி, காந்தாரக் கட்சி இடது பக்கம், கமகக் கட்சி வலது பக்கம். ரெண்டு கட்சிக்கும் காபி ஒரே ஆளு, நான். அந்த இடம் வரும்போது இடது பக்கம் “ஆஹா!”ங்கும், வலது பக்கம் “ச்சு ச்சு”ங்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஆஹா, எத்தனை ச்சு, என் தலைவிதி. அதுல ஒருத்தர் அந்தச் சுரத்தை விரலை நீட்டிக் காட்டி, “அங்க பாருங்க, அங்க பாருங்க”ம்பார், நான் போய் ஒவ்வொரு தடவையும் பல்லி விழுந்துச்சான்னு பார்ப்பேன்.

வாசிச்ச ஆளையே கூப்பிட்டுக் கேட்டா முடிஞ்சுதுன்னு, நாயனக்காரர் செல்வகணபதியை வரவழைச்சாங்க. அந்த மனுஷன் மேடைக்குக் கீழ கைகட்டி நின்னு கேட்டார். முகம் வெளுத்துப் போச்சு. “ஐயா, இது நான் வாசிக்கல. மத்ததெல்லாம் நான்தான். அந்த ஒரு இடம் மட்டும் என் குழல்லேருந்து வரல”ன்னார். உடனே ஐயா எந்திரிச்சு அவர் கையைப் பிடிச்சு, “என்ன அடக்கம் பாத்தீங்களா!”ன்னார். கமகக் கட்சியும் இதுல மட்டும் ஒத்துப்போய்க் கைதட்டுச்சு. “அடக்கம் இல்லைங்க ஐயா, நெசமாவே”ன்னு அவர் சொல்லச் சொல்ல, அவருக்குச் சால்வை போர்த்திட்டாங்க. வாசல்ல செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, “அக்கா, உங்களுக்கு என்ன கேக்குது?”ன்னு மெதுவாக் கேட்டார். நான் காபி டம்ளர் கழுவணும்னு உள்ள வந்துட்டேன்.

என்ன கேக்குதா? சங்கீதம் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. சமையக்கட்டுல பாத்திரம் தேய்க்கிற அஞ்சலைக்கும் தெரியாது, எலைக்கட்டு கொண்டாந்து போடுற சுப்பிரமணிக்கும் தெரியாது, பூக்கட்டுற ருக்குவுக்கும் தெரியாது. ஆனா எங்க அத்தனை பேருக்கும் அது என்னன்னு தெரியும். தவில் உருண்டு வர்ற இடத்துல, நாயனம் மேல ஏறுற இடத்துல, அதுக்கு அடியில, ஒரு பொண்ணு சொல்லுது: “அப்பா, எனக்கு வேணாம்ப்பா.” அவ்வளவுதான். அந்தக் கடைசி ‘ப்பா’தான் இவங்க தூக்கி வச்சுக் கொண்டாடுற காந்தாரம். பெத்த பொண்ணோட குரலு அன்னிய சுரமாம்! கேட்டீங்களா இந்தக் கூத்தை!

கெட்டிமேளம் எதுக்கு இருக்குன்னு நினைச்சீங்க? தாலி ஏறுற நேரத்துல யாரும் தும்மிடக் கூடாது, யாரும் அழுதிடக் கூடாது, அபசகுனமா ஒரு வார்த்தை விழுந்திடக் கூடாது, விழுந்தாலும் காதுல விழக் கூடாது. அதுக்குத்தான் அந்த அடி. கேக்குறதுக்கு உண்டான மேளம் இல்ல அது, கேக்காம இருக்குறதுக்கு உண்டான மேளம். அதுல போயி நோட்டும் பென்சிலுமா உக்காந்தா இந்தக் கதிதான்.

பாப்பா கதையையும் சொல்லிடறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் ரிசப்ஷன்ல, போட்டோகாரன் ஏதோ சொல்ல அவ சிரிச்சா. மாப்பிள்ளையும் சிரிச்சுக்கிட்டேதான் நின்னார். மறுநாள் விடியக்காலம் நான் வெந்நீர் எடுத்துட்டு மணப்பொண்ணு ரூமுக்குப் போனப்ப, இடது மணிக்கட்டுல நாலு வரி கன்னிப்போயிருந்துச்சு. என்ன பாப்பான்னேன். “கதவு இடிச்சிருச்சுக்கா”ன்னா. கதவுக்கு ஏது நாலு விரலு? வளையலை இறக்கி விட்டு மறைச்சுக்கிட்டா. “அப்பாவைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா”ன்னா. கூப்பிட்டேன். ஐயா நாயனக்காரரோட ஊஞ்சல் ராகத்துக்கு சண்டை போட்டுக்கிட்டு இருந்தார், “இதோ வர்றேன்னு சொல்லு”ன்னார். எனக்கும் ஆயிரம் வேலை, இட்லி வேகல, தண்ணி லாரி வரல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காபி ஆறிப்போச்சுன்னு குதிக்கிறாங்க.

கல்யாணம் ஆகிப் போனப்புறம் அவ போன் பண்ணுவா. எப்பவாச்சும்தான், மாமியார் போன்லேருந்து, பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி குரல்ல. ஐயா மண்டபத்துலயே குடியிருந்ததால எனக்கு எல்லாம் காதுல விழும். “அப்பா”ம்பா. “சொல்லும்மா”ம்பார். “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு”ம்பா. இவர் உடனே, “இரு இரு, அந்த இடம் வருது”ன்னு எந்திரிச்சுப் போய், போனை மேடைக்கு மேல தூக்கிப் பிடிப்பார். “கேளும்மா, உன் கல்யாணத்துக் காந்தாரம்! ஊரே கொண்டாடுது!” பாப்பா அங்க, எந்த ஊர்லயோ, எந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டோ, தன் குரலையே கேட்டுக்கிட்டு நிப்பா. அப்புறம், “கேக்குதுப்பா”ம்பா. போன் வச்சிடுவா. ஐயா எங்களைப் பார்த்து, “பொண்ணுக்கு அடையாளம் தெரிஞ்சிடுச்சு. ரத்தத்துல இருக்கு”ம்பார். நான் தலையில அடிச்சுக்காத நாளில்ல.

ஒரு நாள் பொறுக்க முடியாம நேராப் போய் நின்னேன். “ஐயா, அது சுரமில்ல, பாப்பா. வேணாம்னு சொல்லுது”ன்னேன். அவருக்குக் கோவம் வரல, வந்திருந்தாலும் தேவலை. சிரிச்சார். “அரசி, நாதத்துல வார்த்தை கேக்குறது முதல் படி. எல்லாருக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கும். போகப் போக வார்த்தை உதிர்ந்துடும், சுரம் மட்டும் நிக்கும். அதுக்குக் கேள்வி ஞானம் வேணும்.” பின்னாடி உக்காந்திருந்தவர், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு முணுமுணுத்தது என் காதுல விழாமயா போச்சு? கேள்வி ஞானமாம். பொண்ணு ரெண்டு வாரமா போன் பண்ணலையே, ஏன்னு ஒரு கேள்வி கேக்கற ஞானம் இல்ல. செவிடன் காதுல சங்கு ஊதினாக்கூட அவனுக்குக் காத்தாவது படும். இவங்களுக்கு அதுவும் படல.

நாப்பத்தெட்டாம் நாள், ஒரு மண்டலம் ஆச்சுன்னு சபாக்காரங்க மண்டபத்துலயே விழா எடுத்தாங்க. வாசல்ல பேனர், ‘அந்தர காந்தாரப் பெருவிழா’. முன்வரிசையில சிறப்பு விருந்தினரா பாப்பாவும் மாப்பிள்ளையும். பாப்பா பாதியா இளைச்சிருந்தா, பட்டுப்புடவை அவ மேல நிக்கல, முழுக்கை ரவிக்கை போட்டிருந்தா, சித்திரை வெயில்ல. நாங்க நாலு பேரும் சமையக்கட்டு வாசப்படியில நின்னு பார்த்தோம். ருக்கு என் முழங்கையை இடிச்சா. நான் பேசாம இருன்னேன்.

ஐயா மேடைக்கு எதிர்ல தன் நாற்காலியில உக்காந்தபடியே மைக்கைப் பிடிச்சு, தவில் மூணாவது உருட்டல்ல கவனம் வையுங்கன்னு பாடம் நடத்தினார். கெட்டிமேளம் வந்துச்சு. அந்த இடம் வந்துச்சு. எறநூறு பேர் விரலைத் தூக்கி “ஆஹா!”ன்னாங்க, கமகக் கட்சி உள்பட. பாப்பா உடம்பு தூக்கிப் போட்டுச்சு. இன்னொரு சுத்து, இன்னொரு ஆஹா. அவ எந்திரிச்சா. “எங்க போற, உக்காரு”ன்னார் மாப்பிள்ளை, பல்லுக்குள்ள. அவ மேடை ஏறினா. ஐயாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். “பாடப் போறா! சின்ன வயசுல என்கிட்டதான் சரளி வரிசை பழகினா, அந்தச் சுரத்தைப் பிடிச்சுக் காட்டப் போறா!”ன்னு சொல்லி, சுருதிப் பெட்டியைப் போடச் சொன்னார். பெட்டி ரீங்னு ஆரம்பிச்சுது. பாப்பா அந்தச் சத்தத்துக்கு நேர் கீழ, தாலி கட்டிக்கிட்ட அதே எடத்துல நின்னா. தவில் உருண்டு வந்துச்சு, நாயனம் ஏறிச்சு, அவ வாயைத் திறந்து, பாட்டா இல்லாம, பேச்சா, சாதாரணமா சொன்னா.

“அப்பா, எனக்கு வேணாம்ப்பா.”

மேல இருந்த குரலும் கீழ இருந்த குரலும் ஒண்ணாச் சேர்ந்துச்சு. கெட்டிமேளம் நின்னு போச்சு. மூச்சு வாங்குற நேரம் ஆச்சு, மறுபடி கொட்டல. மண்டபத்துல சுருதிப் பெட்டி மட்டும் தனியாக் கத்திக்கிட்டு இருந்துச்சு. தூக்கின விரலுங்க அப்படியே நின்னுச்சுங்க, யாரும் ஆஹா சொல்லல. ஐயா வாய் “சுருதி…”ன்னு ஆரம்பிச்சுது, பாதியில நின்னுச்சு, தொடையில இருந்த கை நின்னுச்சு. மாப்பிள்ளை மேடை ஏறி அவ மணிக்கட்டைப் பிடிச்சார், அதே மணிக்கட்டு, வெடுக்குனு இழுத்தார். அப்பத்தான் ஐயா எந்திரிச்சார். அறுபத்தாறு வயசு மனுஷன், வேட்டி தடுக்க, மைக் உருள, ஓடிப் போய் நடுவுல நின்னு, “கையை எடுங்க”ன்னார். மாப்பிள்ளை எடுக்கல. “எடுடா!”ன்னார். அந்த வாயில நான் டா கேட்டது அன்னிக்குத்தான். மாப்பிள்ளை சுத்திப் பார்த்தார், எறநூறு பேர், எடுத்துட்டார், வக்கீலோட வர்றேன்னு சொல்லிட்டு இறங்கிப் போனார்.

ஐயா பாப்பாவோட ரவிக்கைக் கையை மெதுவா மேல ஏத்திப் பார்த்தார். அங்கயே உக்காந்துட்டார். “எனக்குக் கேக்கலம்மா. சத்தியமா எனக்குக் கேக்கல. அன்னிக்கும் கேக்கல, இத்தனை நாளும் கேக்கல”ன்னு குழந்தை மாதிரி அழுதார். பாவி மனுஷா, அழு, நல்லா அழுன்னுதான் எனக்கு இருந்துச்சு. பாப்பா அவர் பக்கத்துல உக்காந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தா.

“தெரியும்ப்பா. உங்களுக்குக் கேட்டிருந்தா அன்னிக்கே எந்திரிச்சிருப்பீங்க.”

சொல்லிட்டு நிமிர்ந்தா. கூட்டத்தை எல்லாம் தாண்டி, சமையக்கட்டு வாசப்படியைப் பார்த்தா.

“அரசிக்கா, உங்களுக்கு?”

இத்தனை நேரம் உங்ககிட்டயும் மழுப்பிட்டேன். சபாக்காரங்களைத் திட்டித் திட்டி ஒப்பேத்திட்டேன். அன்னிக்குத் தாலி கட்டுறப்ப நான் மேடைக்கு ரெண்டடி தள்ளி, அட்சதைத் தட்டோட நின்னேன். தவில் மேல தவிலா விழுந்துச்சு, அதுக்குள்ள அவ சொன்னா, எனக்கு ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அடுத்த ஆளுக்குத் தட்டை நீட்டினேன். நமக்கெதுக்குன்னு நினைச்சேன். பெரிய எடத்துக் கல்யாணம், நான் மண்டபம் கூட்டுறவதானேன்னு நினைச்சேன்.

“கேட்டுச்சு பாப்பா”ன்னேன்.

“எப்ப?”

“அப்பவே.”

“இவங்களுக்கு?”

நான் திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. ருக்கு தரையைப் பார்த்தா. சுப்பிரமணி அங்க இல்லவே இல்ல, உள்ள போயிட்டான். “எல்லாருக்கும்”னேன்.

அவ திட்டுவான்னு நின்னேன். திட்டியிருந்தா காலைப் பிடிச்சிருப்பேன். அவ ஐயாவைக் கைத்தாங்கலா எழுப்பி, “வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்”னு மேடையிலேருந்து இறக்கி, நாற்காலிங்களுக்கு நடுவுல நடத்திக்கிட்டு எங்களைத் தாண்டிப் போனா. வாசல்ல அவருக்குச் செருப்பை எடுத்துப் போட்டா, தானும் மாட்டினா. நான் பின்னாடியே ஓடி, “பாப்பா”ன்னேன். இன்னொரு தடவை, “பாப்பா”ன்னேன். கேட்டுச்சு அவளுக்கு, எனக்கு நல்லாத் தெரியும், மாட்டின கால் ஒரு நொடி நின்னுச்சு. திரும்பாமயே போயிட்டா.